எடை திரும்பி வந்தால் எல்லாம் வீணா?

எடை குறைக்க முயன்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊர் வேறு, வயது வேறு, கடைப்பிடித்த உணவுமுறை வேறு. கதை மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். முதல் இரண்டு வாரம் எடை மளமளவென்று இறங்கும். அடுத்த சில மாதங்கள் மெல்லக் குறையும். ஆறாவது மாத வாக்கில் ஓர் எண்ணில் வந்து நின்றுவிடும். சாப்பாடும் அதேதான், நடையும் அதேதான், எடை அசையாது. பிறகு வரிசையாகக் கல்யாண விருந்துகள் வரும், அல்லது ஒரு காய்ச்சல், பிள்ளையின் பொதுத்தேர்வு, அலுவலகத்தில் மார்ச் மாத நெருக்கடி என்று ஏதாவது குறுக்கிடும். வருடம் திரும்பும்போது போனதில் பாதி திரும்பியிருக்கும். “எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை” என்று அவர்களே தங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்வார்கள். பார்க்கிற உறவினர்களும், சில நேரம் மருத்துவரும்கூட, அந்தத் தீர்ப்பை ஆமோதிப்பார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறானது. எண்பது ஆண்டு ஆராய்ச்சி அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. எடைக்குறைப்பில் வரும் பின்னடைவு, உயிரைக் காக்க உடல் வைத்திருக்கும் மிகப் பழைய ஏற்பாட்டின் வேலை. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் உண்டு: எடை திரும்பிய பிறகும் பட்ட பாடு வீணாவதில்லை. இந்த இரண்டையும் அறிந்தவர் பின்னடைவை வேறு மாதிரி எதிர்கொள்வார்.

முதல் வாரமும் விருந்துக்கு மறுநாளும்

முதலில் அந்த வேகமான முதல் வாரத்தைப் புரிந்துகொள்வோம். நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சுமார் அரைக் கிலோ மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் உடல் முதலில் இந்தக் கையிருப்பில்தான் கை வைக்கிறது. மாவுச்சத்து எரிய, அதனோடு இருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. ஒன்றரை, இரண்டு கிலோ இப்படியே போய்விடும். கொழுப்பு அதில் சிறு பங்குதான்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். விருந்து சாப்பிட்ட மறுநாள் எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். ஒரு மாத உழைப்பு ஒரே இரவில் போயிற்றே என்று மனம் ஒடிந்துவிடும். உண்மைக் கணக்கு வேறு. ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். பலருக்கு அது மூன்று, நான்கு நாள் முழுச் சாப்பாட்டுக்குச் சமம். எந்தப் பந்தியிலும் ஒருவர் வழக்கமான உணவுக்கு மேல் அவ்வளவு சாப்பிட்டுவிட முடியாது. மறுநாள் கூடித் தெரிவது பெரும்பாலும் நிரம்பிய கிளைகோஜனும், அதோடு வந்த தண்ணீரும், ஊறுகாய் அப்பளத்து உப்பு பிடித்து வைத்த நீரும்தான். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களிலும் இதேபோல் நீர் சேரும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் அது வடிந்துவிடும். முதல் வாரத்து எண்ணைக் கண்டு மயங்கியவர்தான் இந்த எண்ணைக் கண்டு அஞ்சுவார். இரண்டுமே தண்ணீரின் விளையாட்டு.

மினசோட்டாவில் 36 பேர்

எடை நின்றுபோவதும் திரும்புவதும் வேறு கதை. அதற்கு 1944ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா பட்டினியில் வாடிக்கொண்டிருந்தது. போர் முடிந்ததும் அந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று மருத்துவத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், விளையாட்டரங்கின் இருக்கைகளுக்கு அடியில் இயங்கிய ஆய்வகத்தில், ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். எல்லோரும் நல்ல உடல்நலத்தோடும் சரியான எடையோடும் இருந்தவர்கள்.

முதல் 12 வாரம் வயிறாரச் சாப்பிட்டார்கள். அடுத்த 24 வாரம் ஏறத்தாழ பாதிச் சாப்பாடு: ரொட்டி, உருளைக்கிழங்கு, கிழங்கு வகைகள், கொஞ்சம் மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எடை குறையும் என்பது எதிர்பார்த்ததுதான். உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்ட விதம்தான் வியப்பு. சும்மா படுத்திருக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் குறைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது. வெயில் காலத்திலும் குளிர்ந்தது. மனமும் மாறியது. அதுவரை அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் சமையல் புத்தகம் வாங்கிப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். கனவிலும் சாப்பாடு வந்தது. கொள்கைக்காகச் சமூகத்தின் வசையைத் தாங்கிய மன உறுதி படைத்தவர்கள் அவர்கள். அவர்களையே பசி இப்படி ஆட்டி வைத்தது.

மீண்டும் தாராளமாகச் சாப்பிட அனுமதித்தபோது, வயிறு நிறைந்த பிறகும் பசி தீரவில்லை என்றார்கள். இழந்த எடை திரும்பியது. கொழுப்பு மட்டும் பழைய அளவையும் தாண்டிச் சேர்ந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, அப்துல் டுல்லூ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பழைய பதிவுகளை மறுபடி அலசினார்கள். கொழுப்பு பழைய நிலைக்கு வந்த பிறகும் அடங்காத பசி தொடர்ந்திருந்தது. இழந்த தசை திரும்பும்வரை அது ஓயவில்லை. எடை குறைப்பவர் தசையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று இன்று சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூளைக்குப் போகும் செய்தி

உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? விடை கிடைக்க அரை நூற்றாண்டு பிடித்தது. 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் இயல்பை மீறிப் பருத்த சுண்டெலிகள் தற்செயலாகத் தோன்றின. அவை ஓயாமல் தின்றன. அங்கே பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், 1970களில், பருத்த எலியையும் இயல்பான எலியையும் இரத்தம் கலக்கும்படி இணைத்துப் பார்த்தார். பருத்த எலி தின்பதைக் குறைத்தது. இரத்தத்தில் ஏதோ ஒரு செய்தி ஓடுகிறது, பருத்த எலியின் உடலால் அதை உண்டாக்க முடியவில்லை என்று அவர் முடிவுசெய்தார். 1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு அதற்கான மரபணுவைப் பிடித்தது. அந்தச் செய்திக்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள். அதைச் சுரப்பது கொழுப்புச் செல்களேதான்.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மிதவை செய்யும் வேலையை லெப்டின் செய்கிறது. மட்டம் இறங்கினால் மிதவை தாழ்ந்து மோட்டாரை ஓட வைக்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் அதைப் பஞ்சத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டி, செலவைக் குறைக்கிறது. கல்யாணத்துக்காக மெலிகிறோமா, விளைச்சல் பொய்த்ததால் மெலிகிறோமா என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. மனித குலம் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி பஞ்சத்தை அஞ்சி வாழ்ந்ததுதான். மெலிவைக் கண்டதும் எச்சரிக்கை மணி அடிக்கும் மூளைதான் பிழைத்துச் சந்ததியை விட்டுச் சென்றது. எடை கூடும்போது அதே உரத்த குரலில் மணி அடிப்பதில்லை. பருமனானவர்களின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. மேலும் ஊசி போட்டாலும் பெரும்பாலோர்க்குப் பெரிய பலன் இல்லை. ஏற்பாடு ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது.

இந்தச் செலவுக் குறைப்பு எவ்வளவு? 1995இல் ருடால்ஃப் லீபெல், மைக்கேல் ரோசன்பாம், ஜூல்ஸ் ஹிர்ஷ் மூவரும் மருத்துவமனையிலேயே தங்கவைத்த தன்னார்வலர்களிடம் இதை அளந்தார்கள். எடையில் 10 சதவீதம் குறைந்தவரின் உடல், அந்தச் சிறிய உடம்புக்குத் தேவையானதைவிடவும் நாளுக்கு ஏறத்தாழ 300 கலோரி குறைவாகச் செலவழித்தது. தசைகளே சிக்கனமாகி, அதே நடையைக் குறைந்த ஆற்றலில் நடந்து முடித்தன. பிறகு லெப்டினைப் பழைய அளவுக்கு ஊசி மூலம் ஏற்றியபோது இந்தச் சிக்கனத்தில் பெரும்பகுதி விலகியது.

நின்ற இடத்தில் நடக்கும் போராட்டம்

செலவு குறைவதைவிடப் பசி கூடுவதுதான் பெரிய தடை. அதை அளப்பது எளிதல்ல. தாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அமெரிக்கத் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஹால் 2016இல் ஒரு சாமர்த்தியமான வழி கண்டார். சர்க்கரை நோய்க்கான ஒருவகை மாத்திரை, இரத்தத்துச் சர்க்கரையில் ஒரு பகுதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். சாப்பிடுபவருக்குத் தெரியாமலே நாளுக்குச் சுமார் 360 கலோரி உடலைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். எளிய கணக்குப்படி ஒரு வருடத்தில் 17 கிலோ குறைந்திருக்க வேண்டும். உண்மையில் 4 கிலோவை ஒட்டித்தான் குறைந்தது.

மீதி எங்கே போனது? தங்களை அறியாமலே அவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளுக்குச் சுமார் 100 கலோரி வீதம் கூடுகிறது என்று ஹால் குழு கணித்தது. செலவு குறைவது கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான். பசியின் இழுப்பு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். 5 கிலோ குறைத்தவரை அவருடைய உடல் தினமும் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி நச்சரிக்கிறது. எடை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால் அவர் சோர்ந்துவிட்டார் என்று பொருளில்லை. முதல் நாளைவிடப் பலமான பசியை ஒவ்வொரு நாளும் தாங்கிக்கொண்டிருக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் நடக்காத அந்த மாதங்களில்தான் அவருடைய உழைப்பு உச்சத்தில் இருக்கிறது. ஏறாமல் நிற்பதே வெற்றி என்று அவரும், அவரைச் சுற்றியிருப்பவர்களும் உணர வேண்டும்.

இந்த இழுப்பு சீக்கிரம் ஓய்வதுமில்லை. 2011இல் மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழு 50 பேரை 10 வாரக் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் வைத்தது. சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது. நிறைவைச் சொல்லும் ஹார்மோன்கள் குறைந்தன. ஒரு வருடம் கழித்து அளந்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. இதே காரணத்தால்தான் செமாகுளூடைடு போன்ற புதிய எடைக்குறைப்பு ஊசிகளை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியது. ஊசி அடக்கி வைத்திருந்த பசி, தடை நீங்கியதும் எழுந்துகொண்டது.

கொழுப்புச் செல்களுக்குள்ளும் இந்த நினைவு பதிந்திருக்கிறது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கரிமம், அக்காலத்தில் பிறந்த ஒவ்வொரு செல்லிலும் தேதி முத்திரைபோல் பதிந்தது. அந்த முத்திரையைப் படித்து, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு 2008இல் கொழுப்புச் செல்களின் வயதைக் கணித்தது. வளர்ந்தவர்களின் உடலில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதக் கொழுப்புச் செல்கள் இறந்து, அதே எண்ணிக்கையில் புதியவை பிறக்கின்றன. எடை குறையும்போது செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை குறைவதில்லை. எடைக்குறைப்பு அறுவை செய்து இரண்டு ஆண்டு ஆனவர்களிடமும் அப்படியே இருந்தது. 2024இல் சூரிச்சில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பருத்திருந்த காலத்தின் ரசாயன அடையாளங்கள் எடை குறைந்த பிறகும் எலிகளின் கொழுப்புச் செல்களில், மரபுப் பொருள்மீது தங்கியிருப்பதைக் கண்டார்கள்.

ஒரு தவறுக்குப் பிறகு மனம் செய்வது

உடல் ஒரு பக்கம் இழுக்க, மனம் மறுபக்கம் ஒரு பள்ளம் தோண்டுகிறது. 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவிகளில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு எல்லோரையும் ஐஸ்கிரீமைச் சுவை பார்க்கச் சொன்னார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக்குக்குப் பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவுக்கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ தலைகீழாக நடந்துகொண்டார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற எண்ணம்தான். ஹெர்மனும் ஜேனட் பாலிவியும் இந்த மனப்போக்கைப் பின்னர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

கெடுதல் செய்தது மில்க் ஷேக்கின் கலோரி அல்ல. ‘இன்றைக்குக் கெட்டுப்போயிற்று’ என்ற தீர்மானம். குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு பணியாற்றிய உளவியலாளர் ஆலன் மார்லட்டும் இதையே கண்டார். ஒருமுறை சறுக்குவதும் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுவதும் வெவ்வேறு. சறுக்கியவர் ‘நான் பலவீனமானவன், என்னால் ஒருபோதும் முடியாது’ என்று எடுத்துக்கொண்டால் மொத்தமாக விழுகிறார். ‘அந்தச் சூழ்நிலை கடினமாக இருந்தது, அடுத்த முறை எப்படிச் சமாளிக்கலாம்’ என்று எடுத்துக்கொண்டால் எழுகிறார்.

தன்னைத் திட்டிக்கொள்வது ஒழுங்கைக் கொண்டுவரும் என்று பலர் நம்புகிறார்கள். 2007இல் கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் வெளியிட்ட ஆய்வு அதற்கு மாறாகச் சொல்கிறது. டோனட் சாப்பிட்ட மாணவிகளில் சிலரிடம், எல்லோரும் இப்படிச் சாப்பிடுவதுண்டு, உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கனிவாகச் சொன்னார்கள். பிறகு மிட்டாய் கொடுத்தபோது, கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். தன்மீது காட்டும் கருணை கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை, காப்பாற்றியது.

தாக்குப்பிடித்தவர்கள் செய்தது

உடல் இவ்வளவு எதிர்த்தாலும் எடையைக் குறைத்து, குறைத்ததைக் காத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1994இல் ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருடமாவது காத்தவர்கள் அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் எடை குறைத்த வழி ஒவ்வொரு விதம். காத்துக்கொண்ட வழியில் ஒற்றுமை இருந்தது. பெரும்பாலோர் நாளுக்கு ஒரு மணி நேரம்போல உடலுழைப்பு செய்தார்கள். அதில் நடைதான் முதலிடம். நான்கில் மூவர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்தவர்களுக்கு, அதன் பின் எடை திரும்பும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. பாடு முடிவில்லாதது அல்ல. காலம் செல்லச் செல்லச் சுமை இறங்குகிறது.

பின்னடைவை எப்படிக் கையாள்வது என்பதை நேரடியாகவே சோதித்த ஓர் ஆய்வு உண்டு. 2006இல் ரீனா விங் குழு வெளியிட்டது. எடையில் 10 சதவீதமாவது குறைத்திருந்த 314 பேர் அதில் இருந்தார்கள். தினமும் எடை பார்க்கவும், வந்த எண்ணை மூன்று நிறமாகப் பிரித்துக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆய்வில் சேர்ந்தபோது இருந்த எடையிலிருந்து சுமார் 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை, இப்படியே தொடரலாம். அதற்கு மேல் போனால் மஞ்சள். என்ன மாறியது என்று யோசித்துச் சிறு திருத்தம் செய்ய வேண்டும். 2.3 கிலோ தாண்டினால் சிவப்பு. எடை குறைக்கத் தொடங்கிய நாளில் செய்ததை மறுபடி தொடங்க வேண்டும். 18 மாத முடிவில், வெறும் தகவல் கடிதம் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவுக்கு மேல் திரும்பியிருந்தது. நேரில் கூடிப் பயிற்சி பெற்றவர்களில் அது 46 சதவீதம். யாரும் சறுக்கமாட்டார்கள் என்று அந்தத் திட்டம் எதிர்பார்க்கவில்லை. சறுக்கலை இரண்டு கிலோவிலேயே பிடித்துவிட வழி செய்தது. பத்துக் கிலோ ஏறிய பிறகு திரும்புவதைவிட இரண்டு கிலோவில் திரும்புவது எவ்வளவோ எளிது.

‘திங்கட்கிழமையிலிருந்து’, ‘தை பிறந்ததும்’ என்று நாள் குறிப்பவர்களுக்கும் இங்கே ஒரு சொல். புதிய தொடக்கம் மனத்துக்கு ஊக்கம் தருவது உண்மை. சறுக்கியது புதன்கிழமை என்றால், திங்கள்வரை காத்திருப்பது நான்கு நாள் ஏற்றத்துக்கு அனுமதி கொடுப்பதாகிவிடும். திரும்ப வேண்டிய நேரம் அடுத்த வேளைச் சாப்பாடு. ஒரு நாள் தவறினால் பழக்கம் உடைந்துவிடுமோ என்று அஞ்சவும் வேண்டாம். 2010இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழு, புதிய பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வர எவ்வளவு நாள் ஆகிறது என்று பார்த்தது. நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையே ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

முன்கூட்டியே பதில் தயாரித்து வைத்துக்கொள்வதும் உதவும். ‘இப்படி நேர்ந்தால் இப்படிச் செய்வேன்’ என்று சூழ்நிலையோடு செயலைக் கோத்து வைப்பவர்கள், பொதுவாக ‘முயற்சி செய்கிறேன்’ என்பவர்களைவிட அதிகம் சாதிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. ‘பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வந்தால் இலையை மூடிவிடுவேன்.’ ‘மழையால் காலை நடை தவறினால் மாலையில் மாடிப்படி ஏறுவேன்.’ ‘இரவு வேலை முடிந்து பசியோடு வந்தால் சுண்டலைத்தான் முதலில் எடுப்பேன்.’ பசி மூண்ட நேரத்தில் யோசிக்க முடியாது. யோசித்து வைத்ததை எடுத்துக்கொள்ள முடியும்.

தசையைக் காக்க வாரத்தில் இரண்டு, மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோ, உட்கார்ந்து எழும் பயிற்சியோ வேண்டும். தட்டில் பயறு, பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் வேண்டும். தூக்கமும் வேண்டும். 2010இல் சிகாகோவில் நடந்த சிறு ஆய்வொன்றில், ஒரே அளவு உணவில் இருந்தவர்கள் எட்டரை மணி நேரம் படுக்கையில் கழித்தபோது குறைந்த கொழுப்பில், ஐந்தரை மணி நேரமே கழித்தபோது பாதிகூடக் குறையவில்லை. அதற்குப் பதில் தசை கரைந்தது. எடையோ இரண்டு தடவையும் ஏறத்தாழ ஒரே அளவுதான் இறங்கியிருந்தது.

சிலருக்கு இதையெல்லாம் தாண்டிய காரணங்கள் இருக்கும். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றக்கூடியவை. மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவ ஆலோசனையின்றி உணவைக் குறைக்கக் கூடாது. சாப்பாட்டை நினைத்தாலே பயமும் குற்ற உணர்வும் வாட்டுகிறவர்களுக்குத் தினமும் எடை பார்ப்பது தீங்காகலாம். அவர்கள் உளவியல் உதவியை நாட வேண்டும்.

எடை காட்டாத பலன்

எடை குறையவே இல்லை என்றால், அல்லது குறைந்து திரும்பிவிட்டால், பட்ட பாடு என்ன ஆயிற்று? இதற்கான மிகச் சிறந்த விடைகளில் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39 சதவீதம். அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. மெஷின் எதையும் காட்டாதபோதும் அவர்கள் நடந்த நடை இரத்தத்தில் வேலை செய்தது.

அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான இதே வகை ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும் இலக்கு. நீரிழிவு வரும் வேகம் 58 சதவீதம் குறைந்தது. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஆபத்தைச் சுமார் 16 சதவீதம் இறக்கியது. பிறகு பலருக்கு எடை திரும்பியது. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, இழந்த எடையில் பெரும்பகுதி மீண்டும் சேர்ந்திருந்தும், உணவும் உடலுழைப்பும் மாற்றிய குழுவில் நீரிழிவு வந்த வேகம் போலி மாத்திரை பெற்றவர்களைவிட 34 சதவீதம் குறைவாகவே இருந்தது. மெலிந்து வாழ்ந்த அந்த ஆண்டுகளை உடல் கணக்கில் வைத்திருந்தது.

ஆகவே முன்னேற்றத்தை ஒரே எண்ணால் அளக்காதீர்கள். ஓர் அளவுநாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். நம்மவர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடுகள். எடை நின்றிருக்கும்போதும் இடுப்பு இறங்கலாம். இரத்த அழுத்தம், சாப்பிடாமல் எடுக்கும் இரத்தச் சர்க்கரை, மூச்சு வாங்காமல் ஏறும் மாடிகள், வலியில்லாமல் மடக்க முடிந்த முழங்கால் எல்லாம் முன்னேற்றத்தின் கணக்கில் சேர்ந்தவை.

கடைசியாக, எடை குறைக்க முயல்பவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு. “மறுபடி போட்டுட்டீங்களே” என்ற விசாரிப்பை நம் வீடுகளில் அன்பு என்றே நினைக்கிறோம். அது அவர் கேட்கும் ஆயிரமாவது தீர்ப்பு. அவருடைய பசியை அது குறைக்காது, அவர் தன்னைக் கைவிடும் நாளைத்தான் முன்னே இழுக்கும். நேரில் கூடிச் செய்தவர்களே நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள் என்று ஆய்வு சொல்கிறது. அப்படியானால் நாம் சொல்லக்கூடிய பயனுள்ள வாக்கியம் ஒன்று உண்டு: “நாளைக்குக் காலையில் நடக்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள்.”